ஒரு கைப்பிடி மாதுளை

மாதுளம்பழத்தை எப்படி உரிப்பது என்பதில் எனக்கும் கனகாவுக்கும் நான் கல்யாணமாகி வந்த நாள் தொட்டுச் சண்டை. கனகா என் வீட்டுக்காரரின் தங்கை. றப்பர் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடுகிற தொழிலாளர் வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராதான் அவளுடையது. இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மாதுளை மரம் நிற்கிறது. கேகாலைப் பக்கத்து மழை றப்பருக்கு ஆகும், மாதுளைக்கு ஆகாது. பூத்ததில் பாதி கொட்டிப் போகும், காய்த்ததில் பாதி வெடித்துப் போகும். மிஞ்சுகிற சில பழங்களுக்குப் பழந்துணியைச் சுற்றிக் கட்டி, அணிலிடமிருந்தும் மழையிடமிருந்தும் நாங்கள் இரண்டு பேரும் காவல் காப்போம்.

நான் பழத்தைக் குறுக்கே வெட்டி, குப்புறப் பிடித்து, அகப்பைக் காம்பால் முதுகில் நாலு போடு போடுவேன். முத்தெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கனகாவுக்கு அது பிடிக்காது. "இந்த அடி அடிக்கிறீங்களே மதினி, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்பாள். அவள் மேல் மூடியை மட்டும் வட்டமாகச் சீவி எடுப்பாள். உள்ளே வெள்ளைத் தோல் ஓடுகிற இடம் பார்த்து, வெளித்தோலில் மட்டும் கத்தியால் கோடு போடுவாள். விரித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, பெருவிரலால் மெல்லத் தள்ளுவாள். முத்து அடிக்குப் போய்விடும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும். ஒன்றுகூட நசுங்காது. 

"தண்ணியில போட்டா ருசி போயிரும்டி" என்பேன்.

"போனா போகட்டும், உங்களுக்குத்தான் வாய் ருசியா இருக்கே" என்பாள். 

பிறகு உப்பும் மிளகுத் தூளும் தூவி, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். எங்கள் மரத்துப் பழம் கடைப்பழம் மாதிரி சிவப்பு இல்லை. வெளிறின ரோஸ் நிறம், பாதி புளிப்பு. அந்தப் புளிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாடை கூசுகிறது.

எலிக்காய்ச்சல் வந்து பிழைத்த கதையை எழுதி வை, நாலு பேருக்கு உதவும் என்று கொழும்பில் வேலை செய்கிற என் மகள் சொன்னாள். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள்தானே, எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கை மாதுளையைத்தான் எழுதுகிறது. எனக்கு இரண்டும் ஒரே கதை.

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. நான் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவள், மரப்பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் போட மாட்டார்கள், கூலி கிடையாது. கீழே கிராமத்தில் ஒரு சிங்கள வீட்டு வயலுக்கு நாற்று நடக் கூப்பிட்டார்கள், போனேன். பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் ஒன்று என் கணுக்காலில் ஆறாமல் இருந்தது. அதோடு நாள் முழுக்கச் சேற்றில் நின்றேன். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் இந்தக் காய்ச்சலின் கிருமி இருக்கிறது, அது காயம் வழியாக உள்ளே போகும் என்று பிறகு டொக்டர் சொன்னார். வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே போட ஒரு மாத்திரை உண்டு. கூலிக்குப் போகிறவர்களும் கேட்டு வாங்கலாம். எனக்கு அது தெரியாது. படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் இரண்டையும் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. கொத்தமல்லித் தண்ணீர் குடித்தேன், தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிப் போட்டேன், சுருண்டு படுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களை எல்லாம் வாயால் அடித்து விரட்டினேன். என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நின்று பார்ப்பார், போய்விடுவார். அவர் றப்பர் சீட்டுக் காயவைக்கிற புகைக்கூடத்தில் வேலை செய்கிறவர். வீட்டில் பேசுகிற பேச்சை விட அங்கே அடுப்போடு பேசுவதுதான் அதிகம்.

கனகாதான் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். 

"கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து கெடக்கு. மூத்திரம் போனீங்களா?" 

"போனேன், போ." 

"எப்ப?" 

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் காலையோ, அதற்கும் முந்தியோ. 

"எந்திரிங்க" என்றாள். எழும்ப மாட்டேன் என்றேன். அவள் என்னில் பாதி உயரம்தான் இருப்பாள். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி, த்ரீவீலருக்குள் தள்ளி, தானும் ஏறினாள். அன்றைக்கு அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததைப் படிக்கும்போது யாரும் மறந்துவிடக் கூடாது.

டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றார்கள். உடம்பு வேலை செய்யும்போது சேருகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். நோயாளிகள் படுத்திருக்கிற வாட்டில் எனக்கு ஒரு கோப்பை கொடுத்து, மூத்திரம் போனால் அதில் பிடித்து அளந்து சொல்லச் சொன்னார்கள். அளக்கிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை. உள்ளே போனது வெளியே வராததால் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள்.

தாகம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். காய்ச்சலைத் தாங்கினேன், ஊசியைத் தாங்கினேன், தாகத்தைத் தாங்க முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். கண்ணை மூடினால் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். மாதுளை முத்து பல்லுக்கு நடுவில் வெடித்து, புளிப்பு நாக்கின் ஓரத்தில் இறங்குகிற மாதிரி இருக்கும். விழித்தால் வாய் காய்ந்து கிடக்கும்.

பக்கத்துக் கட்டிலில் நந்தா அக்கா இருந்தார். சிங்கள அம்மா, பல வருஷமாகச் சிறுநீரக நோயாளி, வாரத்துக்கு வாரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். வாயை நனைக்க ஈரப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். 

எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார்கள். முகம் வெளிறிப்போனவருக்கு மாதுளை கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நான் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தேன். கனகா வேறு எதைக் கொண்டுவருவாள்? மரத்தில் பழுத்ததைப் பறித்து, அவள் முறைப்படி உதிர்த்து, வெள்ளைத் துணியில் கட்டிக் கையாலேயே பிழிந்து, சின்னப் பிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். பிளெண்டரில் அடித்தால் விதை உடைந்து கசக்கும் என்பாள்.

"தண்ணிக்கு அளவு வச்சிருக்காங்களாமே. இன்னைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?" 

"ஒரு டம்ளர்." 

"அப்ப அதை விட்டுட்டு இதைக் குடிங்க. அளவும் மீறாது, ரத்தமும் ஊறும்." 

எவ்வளவு யோசித்துச் சொன்னாள் பாருங்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குடித்தேன். அப்படி ஒரு குடியை என் வாழ்க்கையில் குடித்ததில்லை. தொண்டையில் இறங்க விடாமல் வாயில் வைத்து வைத்துக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாளைக்கும் கொண்டுவாடி" என்று நானேதான் கேட்டேன்.

மறுநாளும் கொண்டுவந்தாள். முதல் நாள் நந்தா அக்கா மெஷினுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் இருந்தார். நான் சாறு குடித்த டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் அதன் நிறத்தைக் கண்டார். 

"தெளுமா அது?" என்றார். தெளும் என்பது மாதுளைக்கு அவர்கள் பாஷையில் பேர். "ஐயோ நங்கி" என்று சொல்லி, எழும்ப முடியாத மனுஷி எழும்பி நேர்ஸைக் கூப்பிட்டார்.

மாதுளையில் பொட்டாசியம் இருக்கிறது. அது ஒரு உப்பு. தெம்பிலி இளநீர், வாழைப்பழம், கீரை, கிழங்கு எல்லாவற்றிலும் உண்டு. நல்ல உடம்புக்கு நல்லது. மிஞ்சினதைச் சிறுநீரகம் மூத்திரத்தோடு அனுப்பிவிடும். மூத்திரம் போகாத உடம்பில் அது தேங்கும். தேங்கினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகலாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது, கையும் காலும் என்னுடையதே இல்லாத மாதிரி துவண்டு போனதும், நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்து விழுந்து எழும்பினதும்தான். ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள். எடுத்த காகிதத்தைப் பார்த்த டொக்டரின் நடை ஓட்டமாகிவிட்டது. கையில் ஊசி, மூக்கில் மருந்துப் புகை. இதயத்தைப் பாதுகாக்க ஒரு மருந்து, உப்பை இறக்க ஒரு மருந்து என்று ஏற்றினார்கள். என்னை மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவு திறந்து மூடுகிற இடைவெளியில் என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. 

"எம் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியே. இனி என் வாசப்படி மிதிக்காத." 

கனகா பிளாஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். ஆஸ்பத்திரியில் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

விஷயம் என்னவென்றால், பழம், இளநீர் எதுவும் கொடுக்கக் கூடாது என்று நேர்ஸ் முதல் நாளே சொல்லியிருக்கிறார். யாரிடம்? இந்த மனுஷனிடம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. 

"ஏன் சொல்லல?" என்று நாலு நாள் கழித்துக் கேட்டேன். 

"யாரும் கேக்கல" என்றார். 

கழுத்தில் குழாய் இல்லாவிட்டால் எழும்பி இரண்டு போட்டிருப்பேன். அவரும் பயந்துதான் கத்தினார், எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் கோபம்தான்.

கழுத்து நரம்பில் குழாய் இறக்கி, அதன் வழியாக ரத்தத்தை மெஷினுக்கு இழுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவதுதான் டயலிசிஸ். வலி இல்லை, குளிர்தான். மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு கேட்கவில்லை. தனியாரில் என்றால் எங்கள் மாதிரி ஆட்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று நந்தா அக்கா சொன்னார். மகள் லீவு போட்டு வந்து கூட இருந்தாள். வீட்டுக்காரர் தினம் வேலை முடிந்து புகை நாற்றத்தோடே வந்து என் பாதத்தைப் பிடித்துவிடுவார். அந்த நாற்றம் வந்தால்தான் எனக்குப் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். 

"கனகா எங்கே?" என்று தினம் கேட்பேன். 

"இருக்கா" என்பார். பாதத்தை இன்னும் அழுத்திப் பிடித்துவிடுவார்.

மெஷின் ஓடும்போது நான் மனசுக்குள் மாதுளை உரிப்பேன். ஆச்சரியம், அகப்பையால் அடிக்கவே மாட்டேன். கனகா மாதிரி மூடியைச் சீவி, கோடு போட்டு, விரித்து, தண்ணீரில் அமுக்குவேன். அவள் பெருவிரல் என் கண்ணுக்குள் வேலை செய்யும். பழத்துக்கு ஏங்கினேனா அவளுக்கு ஏங்கினேனா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. பிழைத்து வீட்டுக்குப் போக வேண்டும், அவளோடு ஒரே தட்டில் கை போட வேண்டும். சாமியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன். சின்ன வயசுச் சிங்களப் பெண், பொறுமைசாலி. அந்தச் சாறு குடித்ததால்தான் எனக்கு மெஷின் தேவைப்பட்டதா என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தே பதில் சொன்னார். சிறுநீரகம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, எப்படியும் மெஷினுக்குப் போயிருப்பாய், சாறு அதை அவசரப்படுத்திவிட்டது, அவ்வளவுதான் என்றார். தாமதமில்லாமல் யாரோ கொண்டுவந்து சேர்த்ததால்தான் தப்பினாய் என்றும் சொன்னார். இதைக் கனகாவின் காதில் போட வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருந்தது. டெலிபோனில் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

"சுகமானதும் என்ன சாப்பிடுவாய்?" என்று நந்தா அக்கா ஒருநாள் கேட்டார். மாதுளை என்றேன். சிரித்தார். 

"எனக்கு இனி இல்லை நங்கி. நீ சாப்பிடும்போது ஒரு முத்தை மெதுவாகச் சாப்பிடு, எனக்காக."

பிறகு ஒரு விடியற்காலை எனக்கு மூத்திரம் வந்தது. கொஞ்சம்தான். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து காட்டினேன். நேர்ஸ் கை தட்டினார், நந்தா அக்கா கும்பிட்டார். மறுநாள் அதிகமாக வந்தது, அதற்கடுத்த நாள் ஓயாமல் வந்தது. மூத்திரம் போனதற்கு ஒரு வாட்டே சந்தோஷப்பட்டதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கழுத்துக் குழாயை எடுத்தார்கள். மார்கழி முடிகிற நேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளினிக்கில் ரத்தம் பார்த்துச் சொல்லும் வரை பழம் கிடையாது, உப்பு குறைக்க வேண்டும், கிழங்கைக்கூட நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

லயத்துக்கு வந்து இறங்கினேன். எல்லோரும் வந்தார்கள். கனகாவின் கதவு மட்டும் சாத்தியிருந்தது. நான் பீலிக்குப் போகிற நேரம் அவள் போவதில்லை. காலையில் நான் எழும்புமுன் மலைக்குப் பால் வெட்டப் போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவ்வளவு கிட்டே இருந்துகொண்டு, அவ்வளவு தூரத்தில் இருந்தாள்.

"உங்க தங்கச்சி, நீங்கதான் போய்க் கூப்பிடணும்" என்றேன் வீட்டுக்காரரிடம். 

"என்னான்னு கூப்பிடுறது?" என்றார். 

"வாயால."

மரத்தைப் பார்த்தால் வயிறெரிந்தது. கவனிக்க ஆளில்லாமல் பழமெல்லாம் மழையில் வெடித்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. பின்பக்கம் தாழ்ந்த கிளையில் ஒன்றே ஒன்று மட்டும் துணி கட்டித் தொங்கியது. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி. எங்கள் வீட்டில் அப்படி ஒரு துணி இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று கனகா போட்டிருந்த கவுன் அது. நான் அதன் மேல் வாந்தி எடுத்திருந்தேன். துவைத்து, கிழித்து, இரட்டை மடிப்பாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். நான் லேசில் அழுகிறவள் இல்லை.

தைப்பொங்கல் கழித்துக் கிளினிக். டொக்டர் பிள்ளை ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். சிறுநீரகம் பழையபடி வேலைக்குத் திரும்பிவிட்டது, பொட்டாசியம் சரியான அளவில் இருக்கிறது என்றார். 

"மாதுளை?" என்றேன். 

"முதலில் ஒரு கைப்பிடி. அவசரப்படாமல் பார்த்துக் கூட்டலாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பழத்தைத் துணியோடு பறித்தேன். கனகாவின் கதவைத் தட்டவில்லை, தள்ளினேன். அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுவரோடு போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் நின்ற அதே மாதிரி.

"இந்தா, உரி." 

"நான் தொட மாட்டேன் மதினி." 

"துணி கட்டத் தெரிஞ்சுது, உரிக்கத் தெரியாதா?" 

"என் கை ஆகாத கை." 

"உன் கைதான்டி என்னைத் தூக்கிட்டுப் போச்சு. டொக்டர் சொல்லிட்டாங்க, சாறு குடிக்காட்டியும் நான் மெஷினுக்குப் போயிருப்பேனாம். நீ கொண்டுபோகாட்டிதான் நான் மண்ணுக்குள்ள போயிருப்பேனாம். போன்ல கூப்பிட்டா எடுக்கிறியா நீ? இத்தனை நாள் இதை வயித்துல கட்டிக்கிட்டு அலையுறேன்." 

அவள் கீழே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, நானே போய்ச் சட்டியில் தண்ணீர் மொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். 

"தண்ணியில போட்டா ருசி போயிரும்னுவீங்களே" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. 

"போனா போகட்டும்."

துணியை அவிழ்த்தாள். மூடியைச் சீவினாள், கோடு போட்டாள். முதல் கோடு கோணிப்போனது. விரித்துத் தண்ணீரில் அமுக்கினாள். பெருவிரல் வேலை செய்ய ஆரம்பித்தது. இளரோஸ் முத்துகள் ஒவ்வொன்றாக அடியில் போய் உட்கார்ந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. என் வீட்டுக்காரர், கையில் உப்பும் மிளகுத் தூளும் வைத்த சின்னத் தட்டு. படியைத் தாண்டாமல் நின்று அதை உள்ளே நீட்டினார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. கனகாதான் அவரைப் பார்த்தாள். 

"மதினிக்கு உப்பு ஆகாது அண்ணே. மிளகை மட்டும் வச்சிட்டு உள்ள வந்து ஒக்காருங்க." 

வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு சாப்பிடலாம்னாங்க?" என்று கனகா கேட்டாள். 

"ஒரு கைப்பிடி." 

"யாரு கைப்பிடி?" 

"உன் கைப்பிடின்னுதான் சொன்னாங்க."

தண்ணீரை வடித்து, முத்துகளைத் தட்டில் கொட்டி, ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். சின்னக் கை அவளுக்கு. முதல் முத்தை நந்தா அக்காவுக்காக மெதுவாகக் கடித்தேன். புளித்தது. தாடை கூசியது. ருசி எங்கேயும் போகவில்லை, எல்லாம் அங்கேயேதான் இருந்தது. ஒவ்வொன்றாகத் தின்றேன். கை காலியானதும் அவள் முன்னால் நீட்டினேன். 

"இன்னும் ரெண்டு முத்துப் போடுடி." 

கனகா தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே கையால் மூடிக்கொண்டாள். 

"தர மாட்டேன்" என்றாள்.